இரண்டாவது இருக்கையின் எடை

‘அல்ட்ராலைட்’ எனப்படும் மிக இலேசான விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் நெடுங்காலம் இருந்த வரம்பு இது: ஒருவர் மட்டும் அமரும் விமானம் என்றால் ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 300 கிலோ. இருவர் அமரும் விமானம் என்றால் 450 கிலோ. வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் வரை குறைந்தாலும் இறக்கை தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது 150 கிலோ. இன்னொரு மனிதரை உடன் அழைத்துப் போவதற்குச் சட்டம் ஒதுக்கிய எடை அவ்வளவுதான். அவர் உடம்பு, அவருக்கான இருக்கை, வார்ப்பட்டை, கதவு, அவர் கைக்கு இன்னொரு கட்டுப்பாட்டுக் கோல், இவற்றையெல்லாம் தூக்குவதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் இறக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நான் பெங்களூரில் சிறிய விமானங்களின் உறுதிக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். ‘ஸ்ட்ரெஸ்’ பிரிவு என்போம். இந்த உறுப்பு எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே முறியும் என்று சொல்வதுதான் வேலை. பிறந்தது வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தமிழ்ச் சமணக் குடும்பம். மேலே போக வேண்டுமானால் எதையெல்லாம் விட வேண்டும் என்பதுதான் நான் பிறந்த மதமும் பார்த்த வேலையும் சேர்ந்து என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வேலையில் வருஷங்கள் ஏற ஏற, அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று அதற்கு அடியில் இருப்பது தெரிந்தது. எதை விடவே கூடாது?

சமணத்தில் எடை என்பது வெறும் உவமை இல்லை. வினை அங்கே ஒரு பொருள். புற்கலம் என்று சொல்லும் நுண்ணிய சடப்பொருள் ஆசையாலும் சினத்தாலும் உயிரில் வந்து ஒட்டுகிறது, கனக்கிறது, கீழே இழுக்கிறது. மண் பூசிய சுரைக்காய் தண்ணீரில் மூழ்கும், மண் கரையக் கரைய மேலே வரும் என்று ஆகமத்தில் ஓர் உவமை உண்டு. உயிரின் இயல்பே மேல்நோக்கிப் போவதுதான். வினை முழுக்க உதிர்ந்த உயிர் உலகின் உச்சிக்குப் போய் அங்கே நிற்கும். அதற்கு மேல் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். அசைவுக்குத் துணைசெய்யும் ஊடகம் ஒன்று உலகெங்கும் நிறைந்திருக்கிறது, அதற்கு அப்பால் அந்த ஊடகம் இல்லை, ஆகையால் அசைவும் இல்லை. காற்று இல்லாத இடத்தில் இறக்கைக்கு வேலை இல்லை என்று முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மேலே போவதற்கும் ஓர் ஊடகம் வேண்டும் என்று யோசித்தவர்கள் என் முன்னோர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

என் அக்கா கணக்கு ஆசிரியை. நாற்பதுகளில் துறவு பூண்டு ஆர்யிகை ஆனார். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. எங்கள் குடும்பங்களில் அதைத் தடுப்பது வழக்கமும் இல்லை. தீட்சை முடிந்து ஊர் திரும்பிய இரவு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவ தனியா மேல போயிடுவா. அப்ப நாமெல்லாம்?” அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. மறுவாரம் பெங்களூர் திரும்பி, இருவர் அமரும் ஒரு பயிற்சி விமானத்தின் வால்பகுதிக் கணக்கில் உட்கார்ந்தேன். கேள்வி மட்டும் என்னோடு கூடவே வந்தது.

அதை எனக்குத் தெளிவாக்கிய விமானம் ஸ்லொவேனியாவில் உருவானது. அந்த நாட்டின் மேற்கே, இத்தாலிய எல்லையை ஒட்டிய விபாவா பள்ளத்தாக்கில் அய்தோவ்ஷ்சினா என்றொரு சிற்றூர். அங்கே 1989-இல் இவோ போஸ்கரோல் தொடங்கிய நிறுவனம் பிபிஸ்ட்ரல். அப்போது அது யூகோஸ்லாவியா. விசைபூட்டிய முக்கோண இறக்கைகளில் சொந்தமாகப் பறப்பதை அரசு விரும்பாத காலம். வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் பறந்தார்கள். அந்தி வானில் வட்டமிட்ட இறக்கைகள் ஊராருக்கு வௌவால்களாகத் தெரிந்தன. வௌவாலைக் குறிக்கும் நிறுவனத்தின் பெயர் அப்படி வந்தது. 1990-களின் நடுவில் அவர்கள் செய்த முதல் முழு விமானம் ‘சினுஸ்’. அருகருகே இரண்டு இருக்கைகள், இழைக்கலவையில் வார்த்த உடல், கிளைடரைப் போல நீண்ட இறக்கை.

அந்த இறக்கை எப்படி வந்தது என்பதை யோசித்தால் சட்டத்தின் இரண்டு எண்களும் உயிர்பெறும். 450 கிலோவை மணிக்கு 65 கிலோமீட்டரில் தாங்க வேண்டுமானால், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை இறக்கிய நிலையில்கூட ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இறக்கை வேண்டும். சினுஸின் இறக்கைப் பரப்பு அவ்வளவுதான். அந்தப் பரப்பைக் குட்டையாகவும் அகலமாகவும் வெட்டலாம், நீளமாகவும் குறுகலாகவும் வெட்டலாம். அவர்கள் நுனிக்கு நுனி 15 மீட்டர் என்று நீட்டினார்கள். நீண்டு குறுகிய இறக்கையில் நுனிச் சுழலால் வரும் இழுவை குறையும். ஆனால் வேர்ப்பகுதியில் வளைவு விசை ஏறும், அதைத் தாங்கும், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் கனக்கும். கனத்தால் ஆளின் எடையிலிருந்து கழிக்க வேண்டிவரும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் இந்தக் கணக்கைத் தீர்த்து, வெறும் விமானத்தை சுமார் 285 கிலோவுக்குள் கொண்டுவந்தார்கள். 450-இல் மிச்சம் 165. இரண்டு பேருக்கு 75, 75 என்று போட்டால் பெட்ரோலுக்கு 15 கிலோ. அதாவது ஏறக்குறைய 20 லிட்டர். இஞ்சினை நிறுத்தி, புரொப்பெல்லர் அலகுகளைக் காற்றுக்கு விளிம்பாகத் திருப்பிவிட்டால், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 27 கிலோமீட்டர் வரை அது மிதந்து போகும். இந்த வகைக்கு அது அரிய சாதனை என்பது என் கருத்து.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி இன்னும் ஒன்று. கி.பி. 394-இல் அங்கே ரோமப் பேரரசின் இரண்டு படைகள் மோதின. மலைச் சரிவிலிருந்து இறங்கும் ‘போரா’ என்னும் கொடுங்காற்று ஒரு பக்கத்தார் முகத்தில் அறைந்தது, தியோடோசியஸ் வென்றார். கிறித்தவ எழுத்தாளர்கள் அதைக் கடவுளின் கை என்று எழுதினார்கள். அந்தக் காற்று இன்றும் அங்கே வீசுகிறது. விமானம் செய்பவர்கள் அதை அளக்கிறார்கள், அதற்குத் தக ஸ்பாரைத் தடிப்பாக்குகிறார்கள். என் மரபில் காற்றை ஏவும் கடவுள் இல்லை. தீர்த்தங்கரர் வழி காட்டியவர், வரம் தருபவர் அல்லர். எங்கள் தொழிற்கூடத்தில் பெரிய சோதனைக்கு முன் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். நானும் கைகூப்பி நிற்பேன், அந்த நம்பிக்கைக்கு மரியாதையாக. ஆனால் இறக்கை முறிந்தால் அதை யார் மேலும் போட எனக்கு வழியில்லை. அந்த ஏற்பாடு கடுமையானதுதான். உறுதிக் கணக்குப் பார்ப்பவளுக்கு அந்தக் கடுமை வேண்டும்.

சோதனை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேரை இரும்புச் சட்டத்தில் இறுக்குவோம். மேலே மணல் மூட்டைகள், ஒவ்வொன்றும் எடை எழுதியவை, கணக்குப்படி வேரிலிருந்து நுனி வரை. ஜெர்மானிய அல்ட்ராலைட் விதிப்படி இறக்கை தன் சாதாரணப் பாரத்தைப்போல் 4 மடங்கு வரை எந்த நிரந்தர வளைவும் இல்லாமல் தாங்க வேண்டும். அதைப்போல் ஒன்றரை மடங்கில், அதாவது 6 மடங்கில், முறியாமல் 3 விநாடி நிற்க வேண்டும். இழைக்கலவையின் ரெசின் வெயிலில் இளகும் என்பதால் கூடத்தைச் சூடேற்றி 54 டிகிரியில் செய்வதும் உண்டு. இப்படிப்பட்ட விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதற்கும் அதுதான் காரணம். கடைசி மூட்டைகளை வைக்கும்போது யாரும் பேசமாட்டோம். இழைகளுக்குள் மெல்ல டிக், டிக் என்று சத்தம் வரும். அந்த 3 விநாடியும் நீளும். ஒரு முறை அப்படி நின்ற இறக்கையைப் பார்த்து எங்கள் ஃபோர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அது புரிந்தது.

அந்த உறுதியை வைத்துக்கொண்டே எடையைக் குறைப்பதுதான் எங்கள் அன்றாடம். துணி, அதாவது இழைத்துணி, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று வரும். அதில் ரெசின் தடவும் கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். தேவைக்கு மேல் தடவிய ரெசின் உறுதி தராது, எடை மட்டும் தரும். அச்சிலிருந்து எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் தராசில் வைத்து, அதன் மேலேயே மார்க்கரில் கிராம் எழுதுவோம். பெயின்டை எடை போடுவோம். ஒட்டும் பசையை எடை போடுவோம். யாராவது ஒரு பிராக்கெட்டில் 40 கிராம் குறைத்தால் அன்று தேநீர் அவர் பேரில்.

இப்படிக் கிராம் கிராமாகச் சுரண்டிக்கொண்டிருப்பவர்களே தங்கள் கையால் ஈயத்தை எடுத்துவந்து விமானத்தில் வைக்கிறார்கள். இறக்கையின் பின்விளிம்பில் கீல் போட்ட ஏலரான் இருக்கிறதே, அதன் எடை முழுவதும் கீலுக்குப் பின்னால் இருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இறக்கை வளைவதும் ஏலரான் ஆடுவதும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். ஃப்ளட்டர் என்போம். தொடங்கினால் சில விநாடிகளில் இறக்கை பிய்ந்துவிடும். அதைத் தடுக்கக் கீலுக்கு முன்னால் ஈயம் வைத்துச் சமன் செய்வது பழைய, நம்பகமான வழி. எடையைப் பகையாகவே பார்த்து வளர்ந்த இளம் பொறியாளர்கள் இந்த இடத்தில் திகைப்பார்கள். எனக்கு இந்த ஈயம்தான் துறவைப் பற்றி முதல் பாடம் சொன்னது. விடுவது என்பது கண்ணை மூடிக்கொண்டு விடுவது கிடையாது. எந்த எடை எந்த உயிரைக் காக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சட்டமும் இதை அறிந்திருந்தது. 450 கிலோவுக்கு மேல் ஒரு கிராமும் தராத அந்த விதி, முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் பொருத்தினால் 472.5 கிலோ வரை அனுமதித்தது. இந்தப் பாராசூட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்கர் போரிஸ் போபோவ். 1975-இல் அவர் ஓட்டிய தொங்கு கிளைடர் நடுவானில் மடங்கி, அவர் ஏரியில் விழுந்து பிழைத்தார். விழும்போது தன்னால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை என்ற அந்த நிலையை ஏற்க முடியாமல் 1980-இல் இதற்காகவே நிறுவனம் தொடங்கினார். சிறிய ராக்கெட் ஒன்று குடையை இழுத்துப் போகும், விமானமும் இருவரும் ஒன்றாகத் தொங்கி இறங்குவார்கள். ஜெர்மனியில் அல்ட்ராலைட்டுகளுக்கு இது கட்டாயம். தன் வாழ்நாளில் ஒரு முறைகூடத் திறக்காமல் போகவேண்டிய ஒரு மூட்டையை ஒவ்வொரு பறப்பிலும் சுமந்து போவது, எடைக் கணக்கில் நட்டம்தான். அறக்கணக்கில் அதைவிடத் தெளிவான வரவு எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பறக்கும் பொறியைப் பற்றி நான் முதலில் கேட்டது சீவக சிந்தாமணியில். திருத்தக்கதேவர் சமண முனிவர். அவர் பாடிய காவியம் ஒரு விமானத்தில்தான் திருப்பம் கொள்கிறது. ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரன் கையில் விட்ட அரசன் சச்சந்தன், ஆபத்து வரும் என்று உணர்ந்து மயில் வடிவில் ஒரு பொறி செய்விக்கிறான். கருவுற்றிருக்கும் அரசி விசயை அதை ஏற்றவும் இறக்கவும் பழகிக்கொள்கிறாள். அரண்மனை சூழப்பட்ட நாளில் அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு அரசன் போரிட்டு மடிகிறான். மயில் போய் இறங்கிய இடம் சுடுகாடு. அங்கே பிறந்தவன் சீவகன்.

தாத்தா இந்தக் கதையைத் திண்ணையில் சொல்லும்போது நான் கேட்டிருக்கிறேன்: “ராஜா ஏன் ஏறலை?” தாத்தா நெசவுத் தறிகள் வைத்திருந்தவர், இயந்திரம் தெரிந்தவர். “அவன் ஏறியிருந்தா மயில் மதிலைத் தாண்டியிருக்காதும்மா” என்றார். காவியம் அப்படிச் சொல்கிறது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் பின்னாளில் எடைக் கணக்குப் பார்த்தவளுக்குத் தாத்தாவின் விடை சரியாகவே பட்டது. சச்சந்தன் அன்று செய்ததுதான் கதையிலேயே பெரிய துறவு. அவன் விட்டது ஆட்சியையோ செல்வத்தையோ அன்று. இருக்கையை விட்டான். காவியத்தின் முடிவில் சீவகன் எல்லாவற்றையும் துறந்து முனிவனாவதை ஞானம் என்று போற்றுகிறோம். அந்தச் சீவகன் உயிரோடு பிறந்ததே இன்னொருவன் விட்டுக்கொடுத்த எடையால்தான். முனிவரான ஒரு கவிஞர் இரண்டையும் ஒரே நூலில் வைத்தது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இனி, அம்மாவின் கேள்விக்கு விமானம் சொல்லும் பதிலுக்கு வருகிறேன். பறத்தல் படிக்காதவர்கள் பலருக்கும் இது வியப்பாக இருக்கும். இஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்கும் விமானம் ஓர் உயரத்திலிருந்து எவ்வளவு தூரம் போகும் என்பது அதன் எடையைப் பொறுத்தது இல்லை. தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் எதுவோ அதுவே மிதவை விகிதம். சினுஸில் ஒருவர் மட்டும் இருந்து மொத்தம் 375 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவர் இருந்தால் 450. அசையாத காற்றில், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, இரண்டு நிலையிலும் தரையில் கடக்கும் தூரம் ஒன்றுதான். கனத்த விமானம் சுமார் 10 விழுக்காடு வேகமாகப் பறக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. போட்டிக்குப் போகும் கிளைடர்கள் வேகத்துக்காக இறக்கைக்குள் 100, 200 லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்புவதும் இந்தக் காரணத்தால்தான்.

இதை முதன்முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்தபோது எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். துணையைச் சுமப்பவர் குறைந்த தூரமே போவார் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக நமக்குள் இருக்கிறது! துறவறத்தை மேலாகவும் இல்லறத்தைக் கீழாகவும் வைப்பவர்கள் எல்லோரும், சொல்லாமலே, இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறார்கள். வடிவம் சரியாக இருந்தால் பாரம் தூரத்தைத் தின்னாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கனத்த விமானம் வேகமாகக் கீழிறங்கும், ஆகவே வானில் இருக்கும் நேரம் குறையும். வெப்பக் காற்றில் மேலேறுவதும் மந்தமாகும். இஞ்சினோடு பறக்கும்போதோ இரண்டாவது ஆளின் எடையை எரிபொருளாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்லொவேனியரான மாத்தேவ்ஷ் லெனார்ச்சிச் 2012-இல் சினுஸின் தம்பியான ‘வைரஸ்’ விமானத்தில் தனியாக உலகைச் சுற்றிவந்தார். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் கடல்களைத் தாண்டும் பெட்ரோலுக்கு அவ்வளவு இடம் இருந்திருக்காது. உண்மை. ஆனால் அவர் தனியாகப் போனது யாருக்காக என்றும் பார்க்க வேண்டும். வழிநெடுக வளிமண்டலத்தில் உள்ள கரித்துகளை அளந்து வந்தார். தனியாகப் போனவரும் எல்லோருடைய மூச்சுக்காகத்தான் போனார். அக்காவைப் பற்றி நான் மெதுவாக வேறுவிதமாக நினைக்கத் தொடங்கியது அதைப் படித்த பிறகுதான்.

பொன்னூர் மலையடிவாரத்தில் அக்காவின் சங்கம் மழைக்காலத்துக்குத் தங்கியிருந்தபோது பார்க்கப் போனேன். இப்போது அவரை அக்கா என்று கூப்பிட முடியாது. “வந்தாமி, மாதாஜி” என்று வணங்கித் தள்ளி உட்கார்ந்தேன். உள்ளங்கையில் வாங்கி ஒருவேளை மட்டும் உண்பவர். தம்மிடம் வைத்திருப்பது உடுத்திய வெள்ளைப் புடவை, கமண்டலம், ஓர் ஏடு, மயிற்பீலி. உட்காரும் முன் பீலியால் தரையை மெல்ல ஒற்றினார். மயில் தானே உதிர்த்த இறகுகளால் கட்டியது அது. எறும்புக்குக்கூட வலிக்காது.

என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஈயத்தைப் பற்றியும் பாராசூட்டைப் பற்றியும் சொன்னேன். பிறகு, கேட்கலாமா என்று தயங்கி, கேட்டுவிட்டேன். “எல்லாம் விட்டாச்சு. இந்தப் பீலியை மட்டும் ஏன் விடலை?”

“இது எனக்காக இல்லையே” என்றார். “எனக்காக வைத்திருந்ததை விட்டால் துறவு. இன்னோர் உயிருக்கு வேண்டியதை விட்டால் அது அலட்சியம்.”

அதற்குமேல் அவர் பேசவில்லை, பாடம் தொடங்கும் நேரம். அவர் சொன்னது சின்ன வயதில் படித்த ஒன்றை நினைவூட்டியது. எங்கள் நூல்களில் விடுதலை பெற்ற உயிருக்கு எட்டுக் குணங்கள் சொல்வார்கள். அவற்றில் ஒன்று, அது கனமும் இல்லை, இலேசும் இல்லை என்ற நிலை. சின்ன வயதில் அதை மனப்பாடம் செய்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உச்சிக்குப் போன உயிர் இலேசாக அல்லவா இருக்க வேண்டும்? இன்னொரு குணம் அதைவிட வியப்பானது. விடுதலை பெற்ற உயிரைச் சித்தர் என்போம்; ஒரு சித்தர் இருக்கும் அதே இடத்தில் எண்ணற்ற சித்தர்கள் ஒருவரையொருவர் நெருக்காமல் இருக்க முடியும். முழுமையின் இலக்கணத்திலேயே பிறருக்கு இடம் விடுதல் இருக்கிறது. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே கழிக்க வேண்டும் என்பதில் சமணம் சிறிதும் விட்டுக்கொடுக்காது. அந்தச் சமணமே உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்பதைத் தன் அடிப்படைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்று பண்டிதர்கள் வாதிடட்டும். பயிற்சி விமானத்தில் அவை பொருந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

2015-இல் இந்தியா பிபிஸ்ட்ரல் நிறுவனத்திடம் 194 ‘வைரஸ்’ விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் என்.சி.சி. மாணவர்களுக்கும். இங்கே அதன் பெயர் கருட். கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சியாளரோடு அருகருகே உட்கார்ந்து பறக்கிறார்கள். இரண்டு கோல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. மாணவி தவறாக இழுத்தால் ஆசிரியர் கையும் அதை உணரும். இதுபோன்ற விமானங்களில், தகுதி வந்துவிட்டது என்று தோன்றும் ஒரு நாள், பயிற்சியாளர் ஓடுபாதை ஓரத்தில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். மாணவி தனியாக எழும்புவாள். 80 கிலோ குறைந்த விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டுக் கிளம்பும், அந்த வேகமே அவளைத் திடுக்கிட வைக்கும். அவள் தனியாகத்தான் பறக்கிறாள். அந்தக் காலி இருக்கை இல்லாமல் அவள் அங்கே வந்திருக்க முடியாது. ஒருவர் இருக்கை உள்ள விமானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் யாருக்கும் கற்றுத்தர முடியாது.

மின்சார விமானத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2020 ஜூனில் பிபிஸ்ட்ரலின் ‘வேலிஸ் எலெக்ட்ரோ’ ஐரோப்பாவில் முழு வகைச்சான்று பெற்றது. உலகில் அப்படிச் சான்று பெற்ற முதல் மின் விமானம், அதுவும் இருவர் அமர்வது. பெட்ரோல் எரிய எரியக் குறையும், பேட்டரி இறங்கும் வரை அதே கனம். பொறியாளர்கள் இதைக் குறையாகவே பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. காற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று நம்பும் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். பேட்டரியின் எடை, விமானத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுமக்கும் எடை. ஓடுபாதைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக, வயல்வெளிப் பறவைக்காக. இருவர் விமானத்தில் அவர்களுக்கும் இடம் ஒதுக்கியாயிற்று.

2018-இல் வந்த புதிய ஐரோப்பிய விதி, நாடுகள் விரும்பினால் இருவர் அல்ட்ராலைட்டுகளுக்கு 600 கிலோ வரை அனுமதிக்கலாம் என்றது. அது வேண்டியிருந்தது. 450 கிலோ வரம்பில், இரண்டு பெரியவர்களும் நிறைந்த டாங்கும் சேர்ந்தால் காகிதத்தில் ஓர் எடையும் தராசில் ஓர் எடையுமாகப் பல விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. விமானத் துறையில் எல்லோருக்கும் அது தெரியும். வாய்மையைப் பெரும் விரதமாக வைத்த மரபில் வந்தவளுக்கு அதை ஏற்க முடிந்ததே இல்லை. எடையில் பொய் சொன்னால் பக்கத்தில் நம்பி உட்கார்ந்திருப்பவரிடம் பொய் சொன்னதாகும். இப்போது கூடுதலாக 150 கிலோ கிடைத்துவிட்டது. ஒரு மனிதரை அழைத்துப் போக முன்பு கொடுத்த அதே அளவு. அதை எங்கே செலவிடுகிறார்கள் என்று பார்க்கிறேன். பெரிய இஞ்சின், அகலத் திரைகள், தோல் உறை. இவை தவறு என்று சொல்லமாட்டேன். வரிசை தவறு.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எடைப் பட்டியலின் முதல் வரியில் பயணியை எழுதுங்கள். 75 கிலோ என்று கணக்குக்குத் தோதாக எழுதாதீர்கள், 90 எழுதுங்கள். மோதலில் நசுங்கி ஆளைக் காக்கும் இருக்கைச் சட்டம் இரண்டாவது வரி, பாராசூட் மூன்றாவது, ஏலரானின் ஈயம் நான்காவது. இவற்றைப் பென்சிலால் எழுதாதீர்கள், பேனாவால் எழுதுங்கள். மிச்சத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள், உங்கள் திறமையெல்லாம் அங்கே காட்டுங்கள். பறக்கும் நாளில் ஏறும் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்தி, காட்டும் எண்ணை அப்படியே எழுதுங்கள்.